மலை ஏறினால் எரியும் செக் லைட்: இஞ்சின் காற்று வெப்ப சென்சாரைச் சோதிப்பது எப்படி

தேனி மாவட்டத்துப் போடியில் வண்டி ஒழுங்காக ஓடும். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி, மூடுபனி கண்ணாடியில் படியத் தொடங்கியதும் டேஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். எல்லை தாண்டி கேரளத்துப் பூப்பாறை போய் வேலையை முடித்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்துக் கீழே ஒர்க்‌ஷாப்பில் விட்டால் விளக்கைக் காணோம். ஸ்கேனரைச் செருகினால் கோடு (கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண்) ஒன்று கிடக்கும்: பி 0113. "ஏர் டெம்பரேச்சர் சென்சார் போச்சுண்ணே, மாத்திருவோம்" என்பார்கள். மாற்றுவார்கள். அடுத்த தடவை மலை ஏறும்போது விளக்கு மறுபடி எரியும்.

அந்தக் கோடு சென்சார் செத்துவிட்டது என்று எங்கும் சொல்லவில்லை. சென்சார், அதன் கப்ளர் (ஒயரைச் சென்சாரில் செருகும் இணைப்பு), இரண்டு ஒயர், இசியு (இஞ்சினை நடத்தும் கணினி) எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டில் எங்கோ கோளாறு என்றுதான் சொல்கிறது. எங்கே என்று தேடுவது நம் வேலை. சாதாரண மல்டிமீட்டர், ப்ளூடூத் ஸ்கேனர், எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இவை இருந்தால் வீட்டு வாசலிலேயே தேடிவிடலாம்.

சென்சார் என்ன சொல்கிறது, இசியு என்ன கேட்கிறது

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. ஒரே கொள்ளளவில் அதிக ஆக்சிஜன் இருக்கும், அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும். உள்ளே போகிற காற்று எவ்வளவு சூடு என்று தெரிந்தால்தான் இசியு அந்தக் கணக்கைப் போட முடியும். இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்னே பின்னே நகர்த்துவதிலும் இந்த அளவுக்குப் பங்கு உண்டு.

சென்சாரின் உள்ளே மிளகு அளவுக்கு ஒரு மணி. தெர்மிஸ்டர் என்று பெயர். சூடு ஏறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் குறையும், குளிர்ந்தால் கூடும். இசியு தனக்குள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை சிக்னல் ஒயரில் அனுப்புகிறது. மறு ஒயர் எர்த். மணியின் ரெசிஸ்டன்ஸுக்கு ஏற்ப அந்த 5 வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து சூட்டைக் கணக்கிடுகிறது. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கும். ஒயர் அறுந்தால் வோல்ட் இறங்கவே இறங்காது. 5 வோல்ட் அப்படியே நிற்கும், இசியு அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். ஒயர் எர்த்தில் ஷார்ட் ஆனால் வோல்ட் பூஜ்யத்துக்கு விழும், கொதிக்கிற சூடு என்று படிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாகப் புரியும்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய ஜீப்புகளில் இந்தச் சமாச்சாரமே கிடையாது. மெக்கானிக்கல் பம்ப் டீசலுக்குக் காற்றின் சூட்டைப் பற்றிக் கவலை இல்லை. காமன் ரெயில் டீசல், இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே இருக்கும்

மூன்று இடங்களில் தேடுங்கள். தனியாக இருந்தால் ஏர் ஃபில்டர் பாக்ஸிலோ, அதிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயிலோ இரண்டு பின் உள்ள சிறு கப்ளரோடு குத்தி நிற்கும். பல சிறிய பெட்ரோல் கார்களில் மேனிஃபோல்டு (இஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து விடும் குழாய்) மேல் உட்காரும் பிரஷர் சென்சாருக்குள்ளேயே இதையும் வைத்திருப்பார்கள்; அதற்கு நான்கு பின். காற்றின் அளவைப் பார்க்கும் எம்.ஏ.எஃப் சென்சார் உள்ள வண்டிகளில் அதற்குள்ளேயே இருக்கும். பெரும்பாலும் ஐந்து பின். டர்போ வண்டிகளில் இரண்டு இருக்கலாம்: ஒன்று டர்போவுக்கு முன்னே, இன்னொன்று இன்டர்கூலருக்குப் பின்னே. இரண்டாவதற்கான கோடுகள் பி 0095 முதல் 0099 வரை.

முன் பம்பருக்குப் பின்னால் தொங்கும் சென்சார் வேறு. அது வெளிக்காற்றின் சூட்டை ஏசிக்கும் டேஷ்போர்டுக்கும் சொல்வது. அதன் கோடுகள் பி 0070-இல் தொடங்கும். மீட்டரில் வெளி வெப்பநிலை தப்பாகக் காட்டுகிறது என்று இஞ்சின் சென்சாரை மாற்றியவர்கள் உண்டு.

அறிகுறி, அறிகுறி மாதிரி இருப்பது

சென்சார் உண்மையைவிடக் குளிராகக் காட்டினால் இசியு எண்ணெயை, அதாவது பெட்ரோலை, கூட்டும். பெட்ரோல் வாசம், கரும்புகை, மைலேஜ் குறைவு, சூடான இஞ்சினை அணைத்து மறுபடி செல்ஃப் அடித்தால் இழுத்து இழுத்து ஸ்டார்ட் ஆவது, இதெல்லாம் வரும். சூடாகக் காட்டினால் எண்ணெய் குறையும், டைமிங் பின்னே போகும். காலை நேரத்தில் ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் வண்டி ஒரு நொடி தயங்கும், பிக்கப் மந்தமாகும்.

எவ்வளவு தப்பு எவ்வளவு பாதிக்கும்? வெளியே 38 டிகிரி இருக்கும்போது சென்சார் பூஜ்யம் என்று காட்டினால், கணக்குப்படி 14 சதவீதம் கூடுதல் எண்ணெய். பல இசியுக்கள் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சூட்டையும் கலந்து பார்ப்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையும். போதாததற்கு சைலன்சர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எண்ணெய் கூடுதலாக எரிவதைக் கண்டுபிடித்துக் குறைக்கச் சொல்லும். அதனால் 10 டிகிரி தப்பாகக் காட்டும் சென்சாரோடு வண்டி மாதக்கணக்கில் ஓடும், ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. எம்.ஏ.எஃப் உள்ள வண்டியில் பாதிப்பு இன்னும் குறைவு, அங்கே காற்றின் அளவை நேராகவே எடுக்கிறார்கள்.

கேரளப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் "வண்டி வலிக்கின்னில்லா சேட்டா" என்பது வண்டிக்கு வலியில்லை என்ற நல்ல செய்தி அல்ல. இழுக்கவில்லை என்ற புகார். ஆனால் மலையில் இழுவை குறைவது எல்லாம் சென்சார் கோளாறும் அல்ல. போடியில் காற்றழுத்தம் 97 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். 17 வளைவு ஏறி 1,400 மீட்டர் அளவில் இருக்கும் போடிமெட்டில் 86-ஐ ஒட்டி. ஏறக்குறைய 12 சதவீதக் காற்று போய்விட்டது. கீழே 36 டிகிரி, மேலே 20 டிகிரி என்றால் குளிர்ச்சி அதில் ஐந்து சதவீதத்தைத் திருப்பித் தரும். மீதி ஏழு சதவீதம் டர்போ இல்லாத எந்த வண்டிக்கும் போகத்தான் செய்யும். நல்ல வண்டியும் மேலே கொஞ்சம் மூச்சு வாங்கும். அதற்காக பானெட்டைத் திறக்க வேண்டாம்.

முதல் வேலை: கோடை அழிக்காதீர்கள்

இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 4 கார்களில் ஓபிடி 2 (வண்டி தன் கோளாறைத் தானே பதிந்து வைக்கும் ஏற்பாடு) உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, சாவியை ஆன் செய்து, கோடுகளை எழுதிக்கொள்ளுங்கள்.

பி 0112: சிக்னல் வோல்ட் மிகக் குறைவு. சூடாகப் படிக்கிறது. ஷார்ட், ஈரம், உள்ளே கெட்ட சென்சார்.

பி 0113: சிக்னல் வோல்ட் மிக அதிகம். குளிராகப் படிக்கிறது. அறுந்த ஒயர், கழன்ற கப்ளர், எர்த் இல்லாமை.

பி 0114: விட்டு விட்டு வரும் கோளாறு. கப்ளர் அல்லது ஒயர் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

பி 0111: வோல்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் நம்பும்படி இல்லை. சென்சார் மந்தம், எண்ணெய் பிசுக்கு, பின்னில் துரு.

பி 0110 வெறுமனே சர்க்யூட் கோளாறு என்று நிற்கும். அதிலிருந்து எதையும் ஊகிக்க வேண்டாம்.

அழிப்பதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் பாருங்கள். கோடு பதிவான நொடியில் கூலன்ட் சூடு, வேகம், ஆர்பிஎம் எவ்வளவு என்று இசியு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கும். வேகம் 25, ஆர்பிஎம் 2,800, கூலன்ட் 92 என்று இருந்தால் அது வளைவு ஏறும்போது பதிவானது. காலையில் வாசலில் வந்த கோளாறு என்றால் கூலன்ட் 22 என்று இருக்கும். மேலே எரிந்து கீழே அணையும் விளக்கைப் பிடிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பல ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்கேனரைச் செருகிய கையோடு அழித்துவிடுகிறார்கள். "அழிக்காம முதல்ல பாருங்கண்ணே" என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

காலைச் சோதனை

வண்டியை இரவு முழுக்க, குறைந்தது எட்டு மணி நேரம், நிழலில் நிறுத்துங்கள். காலையில் வெயில் பானெட்டில் படுவதற்கு முன் இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரின் ஆப்பில் இன்டேக் ஏர் டெம்பரேச்சர் (உள்ளே போகும் காற்றின் சூடு), கூலன்ட் டெம்பரேச்சர் இரண்டையும் பாருங்கள். வெளி வெப்பநிலையும் வந்தால் அதையும். மூன்றும் இரவெல்லாம் ஒரே காற்றில் கிடந்தவை. நான்கைந்து டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலன்ட் 24, காற்று 25 என்றால் நல்லது. கூலன்ட் 24, காற்று 9 என்றால் கோளாறு இருக்கிறது. கழித்தல் 40 என்றால் சர்க்யூட் அறுந்திருக்கிறது. ஓபிடி-யில் காட்டக்கூடிய கடைசிக் குளிரே அதுதான். 130, 140 என்றால் ஷார்ட்.

இஞ்சினை ஓட்டிப் பார்த்தும் எண் அசையாமல் 20, 50 என்று முழு எண்ணில் நின்றால் சந்தேகப்படுங்கள். கோடு பதிவான பிறகு சில இசியுக்கள் சென்சாரை விட்டுவிட்டு, தாமே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும். அதையே திரையிலும் காட்டும். நல்ல சென்சாரின் எண் ஒன்றிரண்டு டிகிரி மேலும் கீழும் உயிரோடு அசையும்.

காலைச் சோதனையில் பாஸ் ஆனாலும் விட்டுவிடாதீர்கள். கப்ளரில் துரு ஏறி 500 ஓம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் சென்சாரின் சொந்த ரெசிஸ்டன்ஸ் 2,000 ஓமுக்குக் கொஞ்சம் மேல். அதில் 500 சேர்ந்தால் ஐந்தாறு டிகிரி குளிராகக் காட்டும், கண்ணில் படாது. அதே 500 ஓம், 60 டிகிரி சூட்டில் 600 ஓம் இருக்கும் சென்சாரோடு சேர்ந்தால் திரையில் 42 தான் வரும். 18 டிகிரி பொய். ஆகவே சூட்டிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் பாக்ஸிலிருந்து சென்சாரைக் கழற்றி, கப்ளர் மாட்டியபடியே முடி உலர்த்தும் டிரையரை ஒரு ஜாண் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டுங்கள். எண் சீராக ஏற வேண்டும், எடுத்ததும் சீராக இறங்க வேண்டும். ஏறும் வழியில் 38, 41, 12, 44 என்று குதித்தால் சென்சாருக்குள்ளோ கப்ளரிலோ விட்டுவிட்டுத் தொடுகிறது.

ஒரு எச்சரிக்கை. மலை ஏறி வந்து டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்தினால் பானெட்டுக்குள் சூடு தேங்கும்; 60, 65 என்று காட்டும். வெளியே 20 டிகிரி குளிரில் இது பொய் மாதிரித் தெரியும். வண்டியை எடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஓடினால் இறங்கத் தொடங்கும். இறங்கினால் அது கோளாறு அல்ல.

கப்ளரை உட்கார்ந்து பாருங்கள்

இந்த எல்லைப் பகுதியில் சென்சாரைவிடக் கப்ளர்தான் அதிகம் கெடும். ஜூலையில் போடி பக்கம் புழுதி பறக்கும். மெட்டைத் தாண்டினால் பூப்பாறைப் பக்கம் சாரலும் மூடுபனியும். ஒரு மணி நேரத்துக்குள் வறண்ட சூட்டிலிருந்து நனைந்த குளிருக்குப் போகும் கப்ளருக்குள் காற்று சுருங்கி, ஈரத்தை உள்ளே இழுக்கும்.

இஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, கப்ளரின் லாக்கை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பின் மேல் பச்சையாகப் பூத்திருக்கிறதா? உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா, இல்லை முன்பு கழற்றியவர் தொலைத்துவிட்டாரா? பெண் பக்கத்து ஓட்டையின் வாய் அகண்டிருக்கிறதா? அதே தடிமனில் ஒரு ஆண் பின்னைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். கழகழவென்று வந்தால் பிடிப்பு போய்விட்டது. மல்டிமீட்டர் முனையை அந்த ஓட்டைக்குள் திணித்துச் சோதிப்பதுதான் பல கப்ளர்களுக்கு இந்தக் கதி வரக் காரணம். பின்புறமிருந்து ஒயரை ஒட்டிக் குண்டூசி செருகி அதில் மீட்டரை வையுங்கள்.

ஈரமும் துருவும் எதிரெதிர் திசையில் பொய் சொல்லும். இரண்டு பின்னுக்கும் இடையில் ஈரம் பாலம் போட்டால் ரெசிஸ்டன்ஸ் குறையும், சூடாகக் காட்டும். பின் துருப்பிடித்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும், குளிராகக் காட்டும். எந்தப் பக்கம் தப்பு என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

மலைக் கோளாறைக் கீழே வரவழைக்க ஒரு வழி உண்டு. இஞ்சினை ஐடிலில் விட்டு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் கப்ளர் மீது மட்டும் மெல்லத் தெளியுங்கள். இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். எண் சட்டென்று ஏறினால் ஈரம் புகுகிறது. பிறகு ஒயரை நான்கு விரல் தூரம் விட்டு விட்டு லேசாக வளைத்துக்கொண்டே போங்கள். கழித்தல் 40-க்கு ஒரு நொடி போய் வந்தால் அந்த இடத்தில் தோலுக்குள் செம்பு அறுந்திருக்கிறது. கை, சட்டை நுனி எதுவும் ஃபேன் பக்கம் போகக் கூடாது. அது சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

தேங்காய், மிளகு, ஏலக்காய் வைத்திருக்கும் வீட்டுத் திண்ணையோரம் நிறுத்தும் வண்டிகளில் எலியையும் மறக்க வேண்டாம். ராத்திரி சூடான பானெட்டுக்குள் வந்து தங்கும். ஏர் ஃபில்டர் பாக்ஸுக்கு அடியில் எலிப் புழுக்கை கிடந்தால் அந்தப் பக்கத்து ஒயர்களை விரலால் உருவிப் பாருங்கள்.

கப்ளரைக் கழற்றி, ரெசிஸ்டரை மாட்டி

மொத்த வழிகாட்டியில் மிகவும் பயனுள்ள இரண்டு நிமிடம் இது. சாவி ஆன், இஞ்சின் ஆஃப். இரண்டு பின் கப்ளர் என்று வைத்துக்கொள்வோம்.

கப்ளரைக் கழற்றியதும் திரையில் கழித்தல் 40 வர வேண்டும். அதற்கு முன்பும் கழித்தல் 40 தான் இருந்தது என்றால் இந்தச் சோதனை தனியாக எதையும் சொல்லாது, அடுத்ததற்குப் போங்கள். முன்பு 140 காட்டிக்கொண்டிருந்தது இப்போது கழித்தல் 40-க்கு விழுந்தால் சென்சாருக்குள் ஷார்ட். கழற்றிய பிறகும் 140 என்றே நின்றால் ஒயர் எங்கோ எர்த்தில் உரசுகிறது, அல்லது இசியு.

இப்போது கப்ளரின் இரண்டு முனைக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். அதன் கால் மெல்லியது, ஓட்டையை அகட்டாது. திரையில் 20-க்கும் 25-க்கும் இடையில் வந்தால் ஒயர், கப்ளர், இசியு மூன்றும் நல்லவை, சென்சாரை மாற்றலாம். கழித்தல் 40 அசையவில்லை என்றால் புது சென்சார் வாங்கி மாட்டினாலும் அதேதான் வரும்.

நான்கு, ஐந்து பின் கப்ளரில் வெறும் ஒயரால் இணைத்துப் பார்க்கவே கூடாது. அதில் ஒன்று 5 வோல்ட் சப்ளை. அதை எர்த்தில் தொட்டால் மற்ற சென்சார்களும் சேர்ந்து விழும், இசியுவுக்கும் ஆபத்து. ஒயரிங் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள். இல்லையென்றால் இங்கேயும் ரெசிஸ்டர்தான் வழி: எர்த் பின்னுக்கும் சந்தேகப்படும் பின்னுக்கும் இடையே 2.2 கிலோ ஓம் வைத்துத் திரையைப் பாருங்கள். சப்ளை பின் என்றால் 5 வோல்ட் அப்படியே நிற்கும், சூடு மாறாது. எதில் வைத்தால் காற்று வெப்பம் 20-25 என்று வருகிறதோ அதுதான் சிக்னல்.

வோல்ட் பார்ப்பது

ரெசிஸ்டர் சோதனையில் தோற்றால் மட்டும் இது தேவை. கப்ளர் கழற்றியபடி, சாவி ஆன். மீட்டர் 20 வோல்ட் டிசி-யில். சிக்னலுக்கும் கப்ளர் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வரவில்லை என்றால் கருப்பு முனையை மட்டும் எடுத்து பேட்டரி நெகட்டிவில் வையுங்கள். இப்போது 5 வந்தால் சிக்னல் நல்லது, எர்த் ஒயர்தான் அறுந்திருக்கிறது. இப்போதும் பூஜ்யம் என்றால் சிக்னல் ஒயர் அறுந்திருக்கிறது அல்லது ஷார்ட். 12 வோல்ட் வந்தால் அருகில் உள்ள சப்ளை ஒயரோடு தோல் உரிந்து ஒட்டியிருக்கிறது. உடனே சாவியை அணையுங்கள்.

ஒயரின் தொடர்ச்சியைப் பார்ப்பதென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசியு கப்ளரையும் கழற்றிய பிறகே. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு ஓமுக்கு மேல் வரக் கூடாது.

சென்சாரைத் தனியே அளப்பது

கழற்றிய சென்சாரின் இரண்டு பின்னிலும் மீட்டரை 20 கே ஓமில் வையுங்கள். பாஷ் வகை சென்சார்களில் தோராயமாக இந்த எண்கள் வரும்:

0 டிகிரி: 5.9 கிலோ ஓம்
10 டிகிரி: 3.8
20 டிகிரி: 2.5
30 டிகிரி: 1.7
40 டிகிரி: 1.2
60 டிகிரி: 0.6
80 டிகிரி: 0.32

டென்சோ வகையும் 20 டிகிரியில் 2.2 முதல் 2.7 கிலோ ஓம் வரை, அதாவது இதே குடும்பம்தான். எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. சில ஃபோர்டு சென்சார்கள் 20 டிகிரியில் 37 கிலோ ஓம் காட்டும். அந்த வண்டியில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் கொதிக்கிற சூட்டைத்தான் காட்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள எண்ணே முடிவானது.

பூஜ்யத்துக்கு ஜூஸ் கடையில் நொறுக்கிய ஐஸ் வாங்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஐஸ் கரையாமல் மிதக்கும் வரை அது பூஜ்யம்தான், தெர்மாமீட்டர்கூட வேண்டாம். சென்சாரின் நுனியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு மூன்று நிமிடம் முக்குங்கள். பின் பக்கம் நனையக் கூடாது. பிறகு அதை உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். ஐந்தே முக்காலிலிருந்து ஆறு வரை இருந்த எண் தடையின்றி இறங்கி, இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றரை பக்கம் வந்து நிற்க வேண்டும். வழியில் குதித்தாலோ, "1" என்று திறந்த சர்க்யூட் காட்டினாலோ சென்சார் போய்விட்டது. எம்.ஏ.எஃப், பிரஷர் சென்சாருக்குள் இருப்பதை இப்படி ஐஸில் முக்காதீர்கள். அதற்கு டிரையர் போதும்.

மணியின் மேல் கருப்புப் பிசுக்கு படிந்திருந்தால் அளவு சரியாகவே இருக்கும், ஆனால் மந்தமாக வரும். எம்.ஏ.எஃப் கிளீனர் அடித்துத் தானாக உலர விடுங்கள். கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல் இரண்டும் பிளாஸ்டிக்கையும் பசையையும் தின்னும். பிசுக்கு திரும்பத் திரும்ப வந்தால் இஞ்சினுக்குள் தேங்கும் எண்ணெய் ஆவியைக் காற்றுக் குழாய்க்குத் திருப்பிவிடும் பிசிவி வால்வைப் பாருங்கள். எண்ணெய் ஊற்றிக் கழுவிப் போடும் ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும்.

மாற்றும்போது

தேனியிலோ போடியிலோ கடையில் கார் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் சென்சார் மாறும், கப்ளர் மட்டும் ஒரே மாதிரி இருக்கும். பழைய சென்சாரின் முதுகில் பொறித்த எண்ணைப் படம் எடுத்துக் காட்டி வாங்குங்கள். கடையிலேயே ஓம் அளந்து பார்க்கலாம். 30 டிகிரி பகலில் 1.7 பக்கம் வராதது வேறு வகை.

ரப்பர் வாஷரில் குத்தி நிற்கும் வகை என்றால் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு தடவித் திருகிச் செருகுங்கள். மரை வகை என்றால் கையால் முழுக்கத் திருகி, பிறகு ஸ்பானரில் கால் சுற்று. பிளாஸ்டிக் பாக்ஸிலும் அலுமினிய மேனிஃபோல்டிலும் மரை சுலபமாகப் போய்விடும். ஒயரை ஒட்ட வேண்டியிருந்தால் முறுக்கி டேப் சுற்றும் வேலை மலையில் ஒரு மழைக்காலம் தாங்காது, செம்பு கறுத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். கப்ளர் ரப்பருக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லத் தடவி, ஒயர் கப்ளரை விட்டுத் தாழ்வாக வளைந்து வருமாறு கட்டுங்கள். ஒயர் வழியே ஓடி வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கோடை அழித்துவிட்டு, அதே சாலையில் ஏறிப் பாருங்கள். அழிக்காமல் விட்டாலும் கோளாறு தீர்ந்திருந்தால் மூன்று முழுப் பயணத்தில் விளக்கு தானே அணைந்துவிடும். திரையில் காற்று வெப்பம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முந்தலில் 40 பக்கம் தொடங்கினால், போடிமெட்டு செக்போஸ்ட்டை நெருங்கும்போது இருபதுகளில் இருக்க வேண்டும். இறங்கும் எண் எங்கும் திடீரென்று குதிக்கக் கூடாது. மேலே நிறுத்தி, இஞ்சினை அணைத்து, சாவி மட்டும் ஆன் செய்தால் மேனிஃபோல்டு பிரஷரும் 86 பக்கம் காட்டும். நான்கு பின் சென்சார் போட்டவர்களுக்கு அதே பயணத்தில் சென்சாரின் மறு பாதியான பிரஷரையும் சரிபார்த்த மாதிரி.